அடக்கிக்கோ

நாலே முக்காலுக்கு ஜீப்பு ஆரன் அடிக்கும்
கம்பத்தில், எங்கள் தெருமுனையில்.
அதற்குள் சோறு வடித்து, தூக்கில் அடைத்து,
ருத்திஷின் பைக்குள்
கூடுதலாய் இரண்டு கால்சட்டை மடித்து வைக்க வேண்டும்.
பதினான்கு பெண்கள், ஒரு ஜீப்பு.
எது யார் முழங்கால் என்று தெரியாத நெருக்கத்தில்
கம்பம்மெட்டின் வளைவுகளில் ஏறும்போது
அந்தக் கால்சட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

யூகேஜி டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவார்:
"இன்றும்."
கையெழுத்துப் போடுவேன்.

வேணும்னே செய்கிறான் என்றார் அவன் அப்பா.
சூடு போடு, தானா நிக்கும் என்றாள் நாத்தனார்.
சூடு போடவில்லை. ஆனால்
ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த இந்தக் கையால்
ஒரு செவ்வாய்க்கிழமை முதுகில் அடித்தேன்.
அவன் அழவில்லை.
மறுநாளிலிருந்து அழுக்குத் துணியை
பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.
நாற்றத்துக்கு ஒளியத் தெரியாது.

கட்டப்பனையில் டாக்டர் ஷீபா
அவன் வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.
"குட்டியைத் தல்லண்டா" என்றார் முதலில்,
நான் எதையும் சொல்வதற்கு முன்பே.
பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஓர் ஓடை வரைந்தார். நடுவில் ஒரு பாறை.
எப்பவோ ஒருநாள் வலிச்சிருக்கு,
பயந்து அடக்கியிருக்கான்,
அடக்க அடக்க இறுகிப்போச்சு.
இப்ப பாறையச் சுத்தித் தண்ணி கசியுது.
கசியறது அவனுக்கே தெரியாது.

கதவிடுக்கில் கால் பின்னி, நுனிவிரலில் நின்று
முகம் சிவக்க அவன் முக்கும்போதெல்லாம்
வெளியே தள்ளுகிறான் என்று நினைத்திருந்தேன்.
உள்ளே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ராத்திரி ராத்திரி சிரப்பு. மாசக்கணக்காகும்,
பாதியில் நிறுத்தக் கூடாது.
சாப்பிட்டதும் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும்,
வந்தாலும் வராவிட்டாலும்.
உட்கார்ந்ததுக்கே ஒரு சபாஷ்.
பாதம் தரையில் பதிய வேண்டும்.
எங்கள் கக்கூஸில் அவன் கால் அகலாது,
குழிக்குள் விழுந்துவிடுவேன் என்பான்.

அவன் அப்பா சந்தையிலிருந்து
குட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தூக்கி வந்தார்.
அடுப்பில் கத்தியைப் பழுக்கக் காய்ச்சினார்.
ருத்திஷ் ஓடிவந்து என் சேலைக்குள் புகுந்தான்.
"உனக்கில்லடா."
நாற்காலியின் நடுவே வட்டமாய் அறுத்தார்.
பிளாஸ்டிக் கருகும் வாசம்
வீடெல்லாம் இரண்டு நாள் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவன் உள்ளங்கையில்
காய்ந்த ஏலத்தோலை வைப்பேன்.
ஊது.
ஊதும்போது வயிறு தானே இளகும்.
தோல் பறந்து வாளிக்குள் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தான்.
சிரிப்பில் ஏதோ ஒன்று
கொட்டைப்பாக்கு அளவு
விழுந்தது.
இருவருமே எட்டிப் பார்த்தோம்.

அப்போதுதான் கேட்டான்,
"காட்டுல நீ எங்கம்மா போவே?"

தோட்டத்தில் ஆம்பளை மேஸ்திரி, ஆம்பளை வாட்ச்மேன்,
செடிக்குள் அட்டை.
காலையில் தண்ணீர் குடிப்பதில்லை நாங்கள் யாரும்.
"போறதில்லடா. அடக்கிக்குவேன்."
தெரிந்த விஷயம்போல் தலையாட்டினான்.
யாரிடம் கற்றான் என்று
அந்த டாக்டர் கேட்கவில்லை. நல்லவேளை.

வெள்ளிக்கிழமை, செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம்
கட்டணக் கழிப்பறைப் பலகை கண்டு
"அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றேன்.
ஜீப்பு பேசாமல் இருந்தது.
பிறகு சுருளியம்மா இறங்கினாள்.
பிறகு மற்ற பன்னிரண்டு பேரும்.
டிரைவர் பீடி பற்றவைத்து
மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.
கால் மணி நேரம் லேட்.
மேஸ்திரி கத்தியது நாள் முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் அவனிடம் சொன்னேன்,
"இன்னைக்கு நானும் போனேன்."
ஏலத்தோல் ஊதிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.
"வலிச்சுச்சாம்மா?"

இல்லை என்றேன்.
நாளைய பையில்
இரண்டு கால்சட்டை எடுத்து வைத்தேன்.